ஃப்ரீசருக்குப் போகும் கறி

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணிக்கே கறிக்கடைக்குப் போய், தொங்கும் ஆட்டில் தொடைக்கறியாகக் கேட்டு ஒரு கிலோ வாங்கி வருகிறீர்கள். பாதி அன்றைய குழம்புக்கு. மீதியைக் கடைக்கவரோடு சுருட்டி ஃப்ரீசரில் வைத்துவிடுகிறீர்கள். பத்து நாள் கழித்து எடுத்துச் சமைத்தால் எட்டு விசில் விட்டும் கறி இழுபடுகிறது. மென்றால் சக்கையாக இருக்கிறது. கிழட்டு ஆட்டைத் தள்ளிவிட்டார் என்று கடைக்காரர் மேல் பழி விழுகிறது. ஆனால் அதே ஆட்டின் கறிதான் ஞாயிற்றுக்கிழமை குழம்பில் பஞ்சாக வெந்தது. அப்படியானால் கெடுத்தது யார்?

கறி ஃப்ரீசரில் கிடக்கும் நாட்களில் அதற்கு அதிகம் எதுவும் நேர்வதில்லை. உள்ளே போகும் முதல் நாளிலும் வெளியே வரும் கடைசி நாளிலும்தான் எல்லாம் நடக்கிறது. இந்த அத்தியாயத்தில் பெரும்பகுதியை அந்த இரண்டு நாட்களுக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

முதலில் ஒரு தவறான நம்பிக்கையை விலக்கிவிட வேண்டும். ஃப்ரீசரில் வைத்தால் கிருமி செத்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். சாவதில்லை. மைனஸ் 18 டிகிரி செல்சியஸில் பாக்டீரியா பெருகாமல் உறங்குகிறது, அவ்வளவுதான். கறியை உருக்கியதும் விட்ட இடத்திலிருந்து வேலையைத் தொடங்கும். ஆகவே கறி எந்த நிலையில் உள்ளே போகிறதோ, அதைவிட நல்ல நிலையில் வெளியே வராது. 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடைப்பட்ட வெப்பத்தில் கிருமிகள் வேகமாகப் பெருகும். அந்த வெப்பத்தில் பச்சைக்கறி மொத்தமாக இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்பது உணவுப் பாதுகாப்பில் பொதுவான கணக்கு. வெளியே 32 டிகிரியைத் தாண்டினால் அது ஒரு மணி நேரமாகக் குறையும். நம் ஊர் சித்திரை வெயிலில் காலை ஒன்பது மணிக்கே அந்த எல்லை வந்துவிடும். காய்கறி, மளிகை எல்லாம் வாங்கிவிட்டுக் கறிக்கடைக்குக் கடைசியாகப் போங்கள். மூடியுள்ள எவர்சில்வர் தூக்கு ஒன்றைக் கையோடு கொண்டுபோங்கள். தூரம் அதிகமென்றால் ஒரு பையில் ஐஸ்கட்டி போட்டு, அதன் மேல் தூக்கை வைத்து எடுத்து வாருங்கள்.

வெட்டிய கறிக்கு ஓய்வு வேண்டும்

நம் ஊர்க் கறிக்கும் வெளிநாட்டுச் சமையல் புத்தகங்கள் பேசும் கறிக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. அங்கே கடைக்கு வரும் கறி, வெட்டி ஒன்றிரண்டு நாளாவது குளிரறையில் தொங்கியது. நமக்குக் கிடைப்பது வெட்டி ஒரு மணி நேரம்கூட ஆகாத, தொட்டால் இளஞ்சூடு தெரியும் கறி. அதைத்தான் நாம் புத்தம்புதுசு என்று விரும்பி வாங்குகிறோம். அன்றே சமைப்பதற்கு அது அருமையான கறி. நேராக ஃப்ரீசருக்கு அனுப்புவதற்கு ஏற்றதல்ல.

ஆடு உயிர்விட்ட பிறகும் தசைக்குள் கொஞ்ச நேரத்துக்குச் சக்தி மிச்சமிருக்கும். அது தீரத் தீரத் தசை விறைத்துக்கொள்ளும். பிறகு கறிக்குள்ளேயே இருக்கும் நொதிகள் நார்களை மெல்ல அறுக்க, இறுக்கம் தளரும். கோழிக்கு இந்த விறைப்பு சில மணி நேரத்தில் வந்து போய்விடும். ஆட்டுக்கு அரை நாள், அதற்கு மேலும் ஆகலாம். விறைப்பு வருவதற்கு முன்பே கறியை உறைய வைத்துவிட்டால், மிச்சமிருந்த சக்தி உறைந்த தசைக்குள் அப்படியே அடைபட்டுக் கிடக்கிறது. உருக்கும்போது அது ஒரே மூச்சில் வெளிப்பட்டுத் தசை சுண்டி இழுத்துக்கொள்கிறது. துண்டு சிறுத்து, சாறு தட்டில் கொட்டி, மிஞ்சுவது ரப்பர். எலும்பில்லாத துண்டில் இது இன்னும் மோசம், ஏனென்றால் தசையைப் பிடித்து நிறுத்த எலும்பு இல்லை.

உறைந்த ஆட்டுக்கறி வியாபாரத்துக்குப் பேர்போன நியூசிலாந்திலும் இதற்கு நெருங்கிய ஒரு சிக்கல் பிடிபட்டது. 1882-ல் டனீடின் என்ற கப்பல் ஏறத்தாழ 5,000 உறைந்த ஆட்டு உடல்களை ஏற்றிக்கொண்டு, 98 நாள் கடலில் சென்று லண்டனில் இறக்கியது. அந்தச் சரக்கில் ஒரே ஒரு உடல்தான் கழிக்கப்பட்டது. ஆண்டுகள் செல்லச் செல்லக் குளிரூட்டும் வேகம் கூடியது. 1963-ல் லாக்கர், ஹாக்யார்ட் என்ற இரு ஆய்வாளர்கள், விறைப்பு வரும் முன்பே மாட்டுத் தசையைக் கடுங்குளிரில் வைத்தால் அது சுருங்கிக் கடினமாகிவிடுவதை அங்கே விளக்கிக் காட்டினார்கள். அதன் பிறகு ஆட்டுக்கறித் தொழிற்சாலைகளில் உறைய வைப்பதற்கு முன் கறிக்கு ஓய்வு கொடுக்கும் முறை வழக்கத்துக்கு வந்தது.

நம் வெயிலில் கறியை வெளியே தொங்கவிட்டு ஓய்வு கொடுக்க முடியாது, ஆபத்து. நம்மால் முடிந்தது இதுதான்: வாங்கி வந்த ஆட்டுக்கறியை மூடிய பாத்திரத்தில் ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் ஒரு நாள் வையுங்கள். மறுநாள் காலையில் பொட்டலம் கட்டி ஃப்ரீசருக்கு மாற்றுங்கள். கூடியவரை பெரிய துண்டாக வெட்டித் தரச் சொல்லுங்கள். பெரிய துண்டு மெதுவாகக் குளிரும், குறைவாகச் சுருங்கும். கோழிக்கு நாலைந்து மணி நேரம் கீழ்த்தட்டில் இருந்தால் போதும். ஈரல், குடல், கொத்துக்கறி ஆகியவற்றுக்கு இந்த ஓய்வு தேவையில்லை. அவை சீக்கிரம் கெடுபவை. அன்றே சமைக்காவிட்டால் அன்றே உறைய வைத்துவிடுங்கள்.

எனக்குத் தெரிந்த பல வீடுகளில் இந்த ஒரு மாற்றத்தைச் செய்த பிறகு "ஃப்ரீசர் கறியே ஆகாது" என்ற பேச்சு நின்றுபோனது. அதனால்தான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

கனம் குறைந்தால் வேகம் கூடும்

கொழுப்பு நீங்கலான கறியில் முக்கால் பங்கு தண்ணீர்தான். அது மைனஸ் 1, மைனஸ் 2 டிகிரி வாக்கில் உறையத் தொடங்கி, மைனஸ் 5-க்குள் பெரும்பகுதி பனியாகிவிடுகிறது. இந்தச் சில டிகிரிகளை எவ்வளவு விரைவில் கடக்கிறோம் என்பதுதான் முக்கியம். விரைவில் கடந்தால் பனித்துகள்கள் பொடிப்பொடியாக இருக்கும். மெதுவாகக் கடந்தால் ஊசி ஊசியாக வளர்ந்து தசை அறைகளைக் குத்திக் கிழிக்கும். உருகும்போது அந்தக் கிழிசல் வழியேதான் சாறு ஒழுகுகிறது. அமெரிக்கரான கிளாரன்ஸ் பேர்ட்ஸ்ஐ, கனடாவின் லாப்ரடார் பகுதியில் இருந்தபோது, கடுங்குளிர்க் காற்றில் பிடித்த கணமே உறைந்துபோன மீன் மாதக்கணக்கில் கழித்துச் சமைத்தாலும் புதுமீன்போலவே இருப்பதைக் கவனித்தார். 1920-களில் அவர் தொடங்கிய விரைவு உறைவுத் தொழிலுக்கு அதுதான் வித்து.

அந்தக் காற்று நம் வீட்டுப் பெட்டியில் வீசாது. ஆனால் கனத்தைக் குறைப்பது நம் கையில் இருக்கிறது. பொட்டலத்தின் கனம் இரண்டு மடங்கானால், நடுப்பகுதி உறைய எடுக்கும் நேரம் இரண்டு மடங்குக்கும் மேலே போகும். ஒரு பக்ரீத் அன்று பக்கத்து வீட்டிலிருந்து எங்களுக்கு இரண்டு கிலோவுக்கு மேல் கறி வந்தது. வந்த உருண்டையை அப்படியே ஃப்ரீசரில் திணித்தேன். மறுநாள் காலையில் தொட்டால் வெளிப்புறம் கல். எல்லாம் உறைந்துவிட்டது என்று நினைத்தேன். மூன்றாம் நாள் எடுத்து உருக்கியபோது நடுக்கறியில் புளித்த வாடை. மேலே உறைந்த அடுக்கே உள்ளிருந்த சூட்டைப் போர்வைபோல் பொத்தி வைத்திருந்திருக்கிறது. மனமுவந்து கொடுத்த பங்கைக் குப்பையில் போட்ட வருத்தம் இன்றும் எனக்கு உண்டு.

ஆகவே ஒரு வேளைக்கு வேண்டிய அளவாக, கால் கிலோ, அரைக் கிலோ என்று பிரித்துக்கொள்ளுங்கள். ஃப்ரீசருக்கென்று விற்கும் கனமான ஜிப் கவரில் போட்டு, உள்ளங்கையால் அழுத்தி, ஓர் அங்குலக் கனத்துக்குப் பட்டையாகப் பரப்புங்கள். கொத்துக்கறியானால் சப்பாத்தி மாவைத் தட்டுவதுபோல் இன்னும் மெல்லிசாகத் தட்டலாம். கவரின் மேலேயே ஒரு குச்சியால் அழுத்திக் கோடு போட்டு வைத்தால் வேண்டிய பங்கை மட்டும் உடைத்து எடுத்துக்கொள்ளலாம். முதல் நாள் இரவு பொட்டலங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்காதீர்கள். ஓர் அலுமினியத் தட்டில் இடைவெளி விட்டுப் பரப்பி வையுங்கள். அலுமினியம் சூட்டை வெகு வேகமாகக் கடத்தும். மறுநாள் நன்றாகக் கல்லான பிறகு, அலமாரியில் புத்தகம் அடுக்குவதுபோல் நிறுத்தி அடுக்கிக்கொள்ளலாம், இடமும் மிச்சம்.

காற்று இன்னொரு எதிரி. ஃப்ரீசருக்குள் இருக்கும் காற்று மிக வறண்டது. கறியின் மேற்பரப்பில் உள்ள பனி தண்ணீராகாமலே நேராக ஆவியாகிப் போய்விடும். வெளுத்த, காய்ந்த திட்டுத் திட்டாகத் தெரிவது அதுதான். ஃப்ரீசர் பர்ன் என்பார்கள். அதைச் சாப்பிட்டால் உடம்புக்கு ஒன்றும் ஆகாது, ஆனால் அட்டையைக் கடிப்பதுபோல் இருக்கும். அந்த இடத்தைச் சீவி எறிந்துவிட்டு மீதியைச் சமைக்கலாம். வராமல் தடுக்கக் கவருக்குள் காற்று இருக்கக் கூடாது. இதற்கு இயந்திரம் எதுவும் வாங்க வேண்டாம். ஓர் அகன்ற பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, கறியுள்ள கவரை வாய் மட்டும் மேலே நிற்கும்படி மெல்ல அமுக்குங்கள். தண்ணீரின் அழுத்தத்தில் கவர் கறியோடு ஒட்டிக்கொள்ளும், காற்று மேலே ஏறிவிடும். அந்த நிலையிலேயே வாயை மூடிவிட்டு வெளிப்புறத்தைத் துடைத்து வையுங்கள். எலும்பு முனை கவரைக் குத்துமானால் அந்த முனையை வாழையிலைத் துண்டில் சுற்றிப் போடலாம், அல்லது இரண்டு கவர் போடலாம். கடையில் தரும் மெல்லிய கறுப்புக் கவரை மட்டும் ஒருபோதும் ஃப்ரீசர்வரை கொண்டுபோகாதீர்கள். காற்றும் ஈரமும் அதைத் தாண்டிப் போகும், உணவு வைப்பதற்கென்று செய்ததும் அல்ல.

கழுவி வைப்பதா, கழுவாமல் வைப்பதா என்று எல்லோரும் கேட்பார்கள். கழுவாமல் வையுங்கள். மேலே ஒட்டிய தண்ணீர் பனிப் படலமாகித் துண்டுகளை ஒன்றோடொன்று பிணைத்துவிடும். முடி, எலும்புத் தூள் இருந்தால் சுத்தமான துணியால் துடைத்துவிட்டு வைத்து, சமைக்கும் நாளில் கழுவிக்கொள்ளலாம். கழுவாமல் வைக்க மனம் ஒப்பாது என்பவர்கள், வடிதட்டில் நன்றாக வடியவிட்டு, துணியால் ஒற்றி ஈரம் போக்கிய பிறகே கவரில் போட வேண்டும். உப்பு மட்டும் வேண்டாம். உப்பு கறியிலுள்ள தண்ணீரை வெளியே இழுக்கும். கொழுப்பு சீக்கிரம் காறிப்போகவும் வழி செய்யும். உப்பும் தயிரும் மசாலாவும் தடவிய கறியை வைத்தே தீர வேண்டுமென்றால் ஒரு மாதத்துக்குள் சமைத்துவிடுங்கள். நம் பாட்டிமார் உப்புக்கண்டம் போட்டது வேறு கணக்கு. அங்கே உப்பும் மஞ்சளும் வெயிலும் சேர்ந்து தண்ணீரையே வெளியேற்றின. தண்ணீரோடு வைக்கும் கறிக்கு அந்த முறை பொருந்தாது.

பெட்டியைத் தெரிந்துகொள்ளுங்கள்

ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கும் நட்சத்திரங்கள் மின்சாரச் சிக்கனத்தைக் குறிப்பவை. ஃப்ரீசரின் குளிருக்கும் அவற்றுக்கும் சம்பந்தமில்லை. குளிரைச் சொல்வது சில பெட்டிகளின் ஃப்ரீசர் கதவில் அச்சிட்டிருக்கும் வேறு நட்சத்திரக் குறி. ஒன்று என்றால் மைனஸ் 6, இரண்டு என்றால் மைனஸ் 12, மூன்று என்றால் மைனஸ் 18. முதல் வகையில் ஒரு வாரம், இரண்டாவதில் ஒரு மாதம், மூன்றாவதில் மூன்று மாதம் என்பது அந்தக் குறியோடு வரும் பழைய கணக்கு. குறி எதுவும் இல்லாத பெட்டியில், சின்னதாக ஒரு ஃப்ரீசர் வெப்பமானி வாங்கி உள்ளே போட்டால் உண்மை தெரிந்துவிடும். அதுவும் இல்லையென்றால் ஐஸ்கிரீம் வைத்துப் பாருங்கள். ஒரு முழு நாள் வைத்த பிறகும் கரண்டி வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்கினால் அது மைனஸ் 18 அல்ல. அந்தப் பெட்டியில் மாதக்கணக்கில் கறி வைக்காதீர்கள்.

ஒற்றைக் கதவுப் பெட்டியில் ஐஸ் விரல் கனத்துக்கு ஏறிவிட்டால் குளிர் கறியை எட்டாது. அரை அங்குலம் சேர்வதற்குள் உருக்கிவிடுங்கள். ஐஸ் கட்டாத இரட்டைக் கதவுப் பெட்டிகளில் அந்தத் தொல்லை இல்லை. ஆனால் அவை அவ்வப்போது தாமாகச் சூடேற்றிப் பனியை உருக்குவதாலும் உள்ளே காற்றைச் சுழற்றுவதாலும் கறி சீக்கிரம் காயும். அங்கே காற்றுப் புகாத கவர் இன்னும் அவசியம். கதவுத் தட்டில் கறி வைக்க வேண்டாம். ஒவ்வொரு முறை திறக்கும்போதும் முதலில் சூடேறும் இடம் அது.

பண்டிகை நாளில் எல்லோரும் செய்யும் தவறு, கொண்டுவந்த கறி முழுவதையும் ஒரே இரவில் உள்ளே தள்ளுவது. 28 லிட்டர் இடத்துக்கு ஒரு நாளில் ஒன்றேகால் கிலோ வரை புதிதாக வைக்கலாம் என்பது கணக்கு. நம் ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜில் ஃப்ரீசர் 18 லிட்டர் என்று வைத்துக்கொண்டால் ஒரு நாளைக்கு முக்கால் கிலோதான் வருகிறது. பக்ரீத்துக்கோ கிடா வெட்டுக்கோ நாலு கிலோ சேர்ந்துவிட்டால், ஆட்டுக்கறியை மூன்று நாள்வரை கீழ்த்தட்டில் 4 டிகிரியில் தாராளமாக வைக்கலாம். அன்றன்றைக்குக் கொஞ்சமாக மேலே ஏற்றுங்கள். அதுவும் முடியாதென்றால் ஒரு பங்கைச் சுக்காவாகவோ வறுவலாகவோ சமைத்து, ஆற வைத்து, அதை உறைய வையுங்கள். இரண்டு மாதத்துக்கு நன்றாக இருக்கும். இரட்டைக் கதவுப் பெட்டியில் விரைவு உறைவுப் பொத்தான் இருந்தால், கறி வைப்பதற்குச் சில மணி நேரம் முன்பே அதை அழுத்திவிடுங்கள்.

எவ்வளவு நாள் வைக்கலாம்? மைனஸ் 18-ல் தொடர்ந்து இருந்தால் கெட்டுப்போவது என்பதே இல்லை, ருசிதான் குறையும். ஆட்டுத் தொடை, நெஞ்சு, சாப்ஸ் ஆறு மாதம் தாங்கும். வெட்டிய கோழி ஒன்பது மாதம், முழுக்கோழி ஒரு வருடம் என்று சொல்வார்கள். நான் இரண்டையும் மூன்று மாதத்தோடு நிறுத்திக்கொள்வேன், வீட்டுப் பெட்டி நாளுக்கு இருபது முறை திறக்கப்படுவதால். ஈரலும் கொத்துக்கறியும் மூன்று மாதத்துக்கு மேல் வேண்டாம். கொத்துக்கறி அரைபடும்போதே காற்று உள்ளே கலந்துவிடுகிறது. கவர் மேல் தேதியும் துண்டின் பெயரும் எழுதுங்கள். உறைந்த பிறகு நெஞ்செலும்பும் கழுத்தும் ஒன்றுபோலவே தெரியும்.

கடைசி நாள்

வேகமாக உறைய வைத்த கறியை மெதுவாக உருக்க வேண்டும். நாளைக்குச் சமையல் என்றால் இன்று இரவே பொட்டலத்தைக் கீழ்த்தட்டுக்கு இறக்குங்கள். கீழே ஒரு தட்டு வையுங்கள்; ஒழுகும் நீர் தக்காளி, கொத்தமல்லி மேல் படக் கூடாது. ஓர் அங்குலக் கனமுள்ள அரைக் கிலோ காலைக்குள் உருகிவிடும். அவசரமென்றால் கவரைத் திறக்காமல் குளிர்ந்த குழாய்த்தண்ணீரில் அமிழ்த்தி, அரை மணிக்கொரு முறை தண்ணீரை மாற்றுங்கள். ஒரு மணி நேரத்தில் தயாராகிவிடும். வெந்நீரும் வேண்டாம், அடுப்பு மேடையில் காலையிலிருந்து மதியம்வரை கிடத்தி வைக்கும் வழக்கமும் வேண்டாம். நடுவில் பனி இருக்கும்போதே மேற்பரப்பு கிருமிக்கு ஏற்ற சூட்டை எட்டிவிடும். பாதி உருகிய கறியை நேராகக் குக்கரில் போட்டு, வேகும் நேரத்தைக் கொஞ்சம் கூட்டிவைப்பது இவை எல்லாவற்றையும்விட மேல்.

கவரின் அடியில் சேரும் சிவந்த நீர் இரத்தமல்ல, தசையின் நிறப்பொருள் கலந்த தண்ணீர். பச்சைக்கறிக்குரிய கவனத்தோடு அதைக் கொட்டிவிட்டுக் கை கழுவுங்கள். கோழியில் எலும்பையொட்டிக் கறுத்திருந்தால் பயப்பட வேண்டாம். இளம் பிராய்லரின் எலும்பு முற்றாததால் மஜ்ஜையின் நிறம் உறையும்போது கசிந்து வருகிறது. நிறத்தை நம்பி முடிவெடுக்காதீர்கள், மூக்கையும் விரலையும் நம்புங்கள். புளித்த வாடையோ வழவழப்போ இருந்தால் மஞ்சளும் பட்டையும் போட்டு அதை மறைக்கப் பார்க்க வேண்டாம்.

சமையல் தள்ளிப்போய்விட்டதா? ஃப்ரிட்ஜுக்குள்ளேயே உருகிய கறியை ஒன்றிரண்டு நாளுக்குள் மறுபடி உறைய வைக்கலாம். சாறு கொஞ்சம் குறையும். தண்ணீரிலோ மைக்ரோவேவிலோ உருக்கியதைச் சமைத்த பிறகே உள்ளே வைக்க வேண்டும்.

மின்வெட்டு நேரத்தில் கதவைத் திறக்காமல் இருப்பதுதான் மருந்து. நிறைந்த பெரிய ஃப்ரீசர் இரண்டு நாள், பாதி நிறைந்தது ஒரு நாள் குளிரைத் தாங்கும்; நம் ஒற்றைக் கதவுப் பெட்டி அவ்வளவு தாங்காது. காலியிடத்தைத் தண்ணீர் நிரப்பி உறைய வைத்த பாட்டில்களால் அடைத்து வைத்தால் இன்னும் சில மணி நேரம் கிடைக்கும். ஊருக்குப் போகும்போது ஒரு சிறு டம்ளரில் தண்ணீரை உறைய வைத்து, அதன் மேல் ஓர் ஐந்து ரூபாய் நாணயத்தை வைத்துவிட்டுப் போங்கள். திரும்பி வந்து பார்க்கும்போது நாணயம் மேலேயே இருந்தால் கறி பத்திரம். டம்ளரின் அடியில் கிடந்தால், நீங்கள் இல்லாதபோது எல்லாம் உருகி மீண்டும் உறைந்திருக்கிறது. பொட்டலங்கள் கல்லாக இருந்தாலும் சரி, அப்படியே எடுத்துக் குப்பையில் போடுங்கள்.